உந்த ஒழுங்கையால போங்கோ

உடம்பில் இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கும் பெண் கேட்டதற்கு, "எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டேன். வெறுமனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இல்லை என்றால் வேறு யாருக்கோ இருக்கிறது என்றல்லவா ஆகிவிடுகிறது. சின்னப் பெண்தான், ஆனால் காது கூர்மை. பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "பிளேட்டு, ஸ்க்ரூ, எதுனா ஆபரேஷன் பண்ணியிருக்காங்களா?" "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. வெறும் முதுகுவலி." கம்மல், வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வெளியே உட்கார்ந்திருக்கும் மகளிடம் கொடுத்துவிட்டு, எங்கே முடிச்சுப் போடுவது என்று தெரியாத ஒரு பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு வந்து படுத்தாயிற்று. பலகை என்னையும் தூக்கிக்கொண்டு மெல்ல உள்ளே நழுவியது. இப்போது மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் வெள்ளைச் சுவர், வளைந்த சுவர். பெரிய குழாய்க்குள் எலி மாதிரி படுத்திருக்கிறேன். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் ஹெட்போன், ஹெட்போனுக்குள் அவள் குரல். "ஆடாம படுத்திருங்கம்மா. மூச்ச மட்டும் சாதாரணமா விடுங்க. சத்தம் வரும், பயப்படாதீங்க." சாதாரணமாக விடு என்று சொன்ன மாத்திரத்தில் மூச்சு சாதாரணமாக வரமாட்டேன் என்கிறது. இதுவரை அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, இப்போது ஒவ்வொன்றையும் நான் கிணற்றிலிருந்து சேந்த வேண்டியிருக்கிறது. எவ்வளவு பெரிய காந்தம் இந்த மெஷின். முதலில் அதுதான் தோன்றியது, பயம் அதற்கப்புறம்தான் வந்தது. ஆரணியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இத்தனை காலம் பௌதிக ஆய்வக உதவியாளராக இருந்தவளுக்கு அப்படித்தான் தோன்றும். ஒவ்வொரு வருஷமும் சட்டக் காந்தத்தின் மேல் காகிதத்தை வைத்து இரும்புத் தூளைத் தூவிக் காகிதத்தை விரலால் லேசாகத் தட்டுவேன். தூள் எல்லாம் எழுந்து வளைவு வளைவாக வரிசை கட்டும். பிள்ளைகள் ஆவென்று பார்ப்பார்கள். நானும்தான். எத்தனை முறை பார்த்தாலும் அது எனக்குப் பழகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அங்கே முன்பே கோடு போட்டு வைத்திருக்கிறது, தூள் போய் அதைக் காட்டிக் கொடுக்கிறது. இப்போது அந்தக் காகிதத்தின் மேல் நான் கிடக்கிறேன். ஆனால் என்னிடம் இரும்பு இல்லை. இரும்பு இருந்தது அவரிடம். டக் டக் டக் என்று ஆரம்பித்துவிட்டது, யாரோ சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியலால் தட்டுகிற மாதிரி.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், ஏகாம்பரம். வீட்டில் அந்தப் பெயரை நான் சொன்னதில்லை, என்னங்க என்பதோடு சரி. இங்கே யாருக்குக் கேட்கப் போகிறது. ஏகாம்பரம், ஏகாம்பரம். ராணுவத்தில் சிக்னல்ஸில் இருந்தவர், முதுகில் வயர்லெஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு நடப்பவர். இந்தியப் படை இலங்கைக்குப் போனபோது யாழ்ப்பாணத்துக்குப் போனார், கண்ணிவெடியில் அடிபட்டார், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார், இனி உன்னால் பெட்டி சுமக்க முடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார். அடிபடாத ஏகாம்பரத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் எப்படி ஓடியிருப்பார், எப்படிக் குனிந்து ஷூ லேஸ் கட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார், யாரோ பக்கத்தில் உட்கார இடம் விட்டிருப்பதுபோல. பஜ்ஜி தட்டு வந்தது, காபி வந்தது, அதைத் தொடாமலே சொன்னார். "முதல்லயே ஒண்ணு சொல்லிடறேங்க. என் உடம்புல இன்னும் இரும்புத் துண்டுங்க இருக்குது. எடுக்க முடிஞ்சத டாக்டருங்க எடுத்துட்டாங்க. மிச்சத்தத் தொட்டா ஆபத்துன்னு வுட்டுட்டாங்க. இது பொண்ணுக்குத் தெரியணும்." அப்பா தரையைப் பார்த்தார். அவருடைய அம்மா, இதை எதுக்கு இப்போ சொல்கிறாய் என்பதுபோல் அவர் முழங்கையை இடித்தாள். அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து என் வாய் தானாகக் கேட்டது. "எங்க இருக்குது?" கூடமே திரும்பிப் பார்த்தது. சித்தி என் இடுப்பைக் கிள்ளினாள், இன்னும் எனக்கு அது வலிக்கிறது. அவர் மட்டும் கதவைப் பார்த்து, கடையில் சாமான் இருக்கும் இடத்தைக் காட்டுகிறவர்போல, தோளைத் தொட்டு, விலாவைத் தொட்டு, "இங்க, இங்க, அப்புறம் முதுகுல எங்கியோ" என்றார். "வலிக்குமா?" "மழை வர்றதுக்கு முன்னாடி வலிக்கும்." "மழை வந்துட்டா?" "வந்துட்டா நின்னுடும்." அவ்வளவுதான் நாங்கள் பேசியது. ஊரில் எல்லோரும் எனக்குப் பெரிய மனசு என்றார்கள். தலைமை ஆசிரியை என்னைக் கட்டிப்பிடித்துத் தேசத்துக்காக என்று ஏதோ சொன்னார். பெரிய மனசும் இல்லை, தேசமும் இல்லை. ஒரு மனிதனுக்குள் இரும்பு எப்படி இருக்கும், எப்படித் தூங்கும், மழை வருவது அதற்கு எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அதற்காக ஒருத்தி கல்யாணம் செய்துகொள்வாளா என்றால், நான் செய்துகொண்டேன்.

சத்தம் நின்றது. நின்றால்தான் பயமாக இருக்கிறது. சத்தம் இருக்கும்வரை ஏதோ நடக்கிறது என்று அர்த்தம், நின்றால் என்னை உள்ளே வைத்துவிட்டு அந்தப் பெண் டீ குடிக்கப் போய்விட்டாளோ என்று நினைப்பு போகிறது. இல்லை, வேறு மாதிரி தொடங்குகிறது, ர்ர்ர்ர் என்று, கழுத்துக்குக் கீழே பலகை அதிர்கிறது. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து லாடக் காந்தம் ஒன்றைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். "சட்டையக் கழட்டுங்க" என்றேன். அவர் வேறு விதமாக நினைத்துக்கொண்டு சிரித்தார், காந்தத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோய்ச் சிறுபிள்ளை மாதிரி கண் விரிந்தது. ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார வைத்து, தோள்பட்டையில் தழும்பு வழுவழுவென்று மின்னும் இடத்தில் காந்தத்தை மெதுவாகக் கொண்டுபோனேன். "ஏதாவது தெரியுதா?" "இரு, பேசாத." மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே கவனித்தார், வயர்லெஸ்ஸில் தூரத்துக் குரலைக் கேட்பவர் போல. "ம். உள்ள ஒருத்தன் எட்டிப் பாக்குற மாதிரி இருக்குது." நிஜமாகத் தெரிந்ததா, எனக்காகச் சொன்னாரா? அது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அவ்வளவு சின்னக் காந்தத்துக்கு, அவ்வளவு ஆழத்தில் இருக்கிற துண்டு அசையாது என்றுதான் என் பாடம் சொல்கிறது. ஆனால் அவர் தோளில் மயிர்க்கால்கள் சிலிர்த்து நின்றதை நான் பார்த்தேன். அதிலிருந்து அந்தத் துண்டுகளுக்குக் குடித்தனக்காரர்கள் என்று பெயர் வைத்துவிட்டார். வாடகை தரமாட்டார்கள், காலி செய்யவும் மாட்டார்கள். ஐப்பசியில் வானம் மூடினால், "மேல் வீட்டுக்காரன் இன்னிக்கு ரொம்பச் சத்தம் போடறான்" என்பார். நான் வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைப்பேன். பஜாரில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை போட்டிருந்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்து சால்டர் பிடிப்பார். வேடிக்கையான மனிதர் என்றுதான் பஜாரில் பெயர். வேடிக்கைக்குக் கீழே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கே மகள் பிறந்து அவள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் தெரியவந்தது.

மகள் எழிலரசி அவர் முதுகில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தவள், "அம்மா, அப்பாவுக்கு முள்ளு குத்தியிருக்குது" என்றாள். தோள்பட்டைக்குக் கீழே ஒரு கொப்புளம், அதன் நடுவில் கறுப்பாக ஒரு முனை. இரண்டு நாள் கழித்து அது தானாகவே வெளியே வந்தது. அரிசியை விடக் கொஞ்சம் பெரிது, ஒரு பக்கம் உருண்டை, இன்னொரு பக்கம் கிழிந்த தகரம்போல. இத்தனை வருஷம் சதைக்குள் நடந்து நடந்து வந்திருக்கிறது. எந்த வழியாக வந்தது, வழியில் எதையும் அறுக்காமல் எப்படி வந்தது, யார் அதற்கு வாசலைக் காட்டியது? நான் ஓடிப்போய்க் காந்தத்தை எடுத்துவந்து காட்டினேன், டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது. எழில் கை தட்டினாள். நானும் தட்டினேன். அவர் மட்டும் அதைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "சைக்கிள் பால்ஸ் மாதிரி இருக்குது, பாரேன். கையில கெடச்சதெல்லாம் போட்டுச் செஞ்சிருக்கான்" என்றார். "யாரு?" "எவனோ. இத வெச்சவன நான் நெனைக்கிறதே இல்ல குணா. அவன் வேலைய அவன் செஞ்சான். வழி சொன்னவளத்தான் நெனைக்கிறேன்." என் பெயர் குணசுந்தரி, அவருக்கு மட்டும் குணா. அன்றைக்குத்தான் அதைச் சொன்னார், ஒரே மூச்சில், எதையும் கூட்டாமல். சாவகச்சேரிப் பக்கம் ஒரு ஊர். ரோந்து போன கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அதனால் எங்கே போனாலும் அவரைத்தான் முன்னால் பேசவிடுவார்கள். வழி இரண்டாகப் பிரிந்தது. கிணற்றடியில் ஒரு பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். "மெயின் ரோட்டுக்கு எப்படிம்மா போறது?" என்று இவர் கேட்டார். அவள் வாளியைக் கீழே வைக்காமலே இவர்களைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "உந்த ஒழுங்கையால போங்கோ தம்பி" என்றாள். ஒழுங்கை என்றால் சந்து. இரண்டு பக்கமும் பனையோலை வேலி அடைத்த சந்துக்கு அங்கே அப்படிப் பெயர். இவர் அதை இந்தியில் சொன்னார். குர்தேவ் என்று ஒரு பஞ்சாப்காரன், இவருக்குச் சப்பாத்தி சுடக் கற்றுக்கொடுத்தவன், இவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முதலாவதாக நுழைந்தான். வெடித்த சத்தம் இவருக்கு ஞாபகமில்லை. குர்தேவின் தட்டு ஞாபகமிருக்கிறது. "ஒரே ஒரு வாக்கியம். தமிழ்ல என் காதுல நொழஞ்சி இந்தியில என் வாயால வெளிய போச்சி. அவ்வளவுதான், அவன் போயிட்டான். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சி சொன்னாளா, இல்ல நெஜமாவே அதுதான் வழியா?" "அவளுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது. "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார். "ஆனா அங்க தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானே. அவ குரல்ல ஏதாவது இருந்திருந்தா அது என் காதுலதானே வுழுந்திருக்கணும்."

விலாவில் அரிக்கிறது. சொறிந்தால் படம் கெட்டுவிடும். அரிப்பை நினைக்கக் கூடாது என்றால் அரிப்பு பெரிதாகிறது, ஒரு விரல் அளவிலிருந்து உள்ளங்கை அளவுக்கு. அவருக்கும் அந்தக் குரல் அப்படித்தான் இருந்திருக்கும். கோபம் இல்லை அவருக்கு, அதை நான் நிச்சயமாகச் சொல்வேன். கோபமாக இருந்தால் தீர்ந்து போயிருக்கும். அது அரிப்பு, ஆராய்ச்சி. ஒருநாள் கடையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல், "நீ சொல்லு" என்றார். "என்னத்த?" "உந்த ஒழுங்கையால போங்கோ தம்பின்னு. முதல்ல ஒண்ணுமே தெரியாதவளாச் சொல்லு. அப்புறம் தெரிஞ்சவளாச் சொல்லு. எது எதுன்னு நான் கண்டுபுடிக்கிறேனா பாப்போம்." எனக்கு விளையாட்டாக இருந்தது, முதுகுத்தண்டில் சில்லென்றும் இருந்தது. அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன், கையில் கரண்டி. அவர் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். சொன்னேன். மறுபடி சொன்னேன், இந்த முறை அங்கே வெடி இருக்கிறது, இவர்கள் சாகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே. நினைத்துக்கொண்டு சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. குரல் நடுங்கவில்லை. கொஞ்சம் இனிமையாகக்கூட வந்தது. அவர் கண்ணைத் திறந்து, "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது" என்றார், பிறகு, "உனக்கு அந்த 'உந்த' சரியா வரல" என்றார். அதுவும் உண்மைதான். எங்கள் பேச்சில் அந்தச் சொல்லே கிடையாது. இந்த என்றால் எனக்குப் பக்கத்தில், அந்த என்றால் தூரத்தில். உந்த என்றால் கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதாம். அவள் உந்த என்று சொன்ன நிமிஷத்தில் அந்தச் சந்து அவளை விட்டு விலகி இவர் காலடிக்கு வந்துவிட்டது. நம் பக்கம் அதைச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் போனது ஏன்? எப்போது தொலைத்தோம்? அன்றைக்கு ராத்திரிச் சோறு குழைந்துபோனது, நான் உந்த உந்த என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே அடுப்பைக் கவனிக்காமல் விட்டதால்.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமல் போக ஆரம்பித்தார். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார், மதியம் வந்தால் சாப்பாடு வேண்டாம் என்பார். சட்டையில் அவித்த மாவும் தேங்காய்ப்பூவும் கலந்த வாசனை. எத்தனை நாள் கேட்காமல் இருப்பேன். கேட்டேன். மறைக்கவே இல்லை அவர். "ஊருக்கு வெளிய அகதிகள் முகாம் இருக்குதில்ல, அங்க தவமணியக்கான்னு ஒருத்தவங்க. சாவகச்சேரிப் பக்கத்துக்காரங்க. அவங்க வீட்ல புட்டு சாப்புட்டேன்." "அவங்க எதுக்கு உங்களுக்குப் புட்டு போடறாங்க?" "அவங்களுக்கு உந்த நல்லா வருது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு பெண்ணோடு தொடர்பு என்றால் அழலாம், சண்டை போடலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். வேறு பெண்ணின் ஒரு சொல்லுக்காகப் புருஷன் சைக்கிள் மிதிக்கிறான் என்றால் என்ன செய்வது? நானும் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப் போயிருப்பார். சொல்லவில்லை. அந்தச் சொல் என் வாயில் வராததற்கு நான் அவள்மேல் கோபப்பட்டேன், பார்க்காத ஒருத்திமேல். அவர் தொடர்ந்து போனார், வந்தார். முகம் மட்டும் நாளாக ஆக லேசாகிக்கொண்டு வந்தது, அதை நான் கவனித்தேன். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது நின்றுவிட்டது. அப்புறம் இருமல் வந்தது.

இருமலில் ஒருநாள் ரத்தம் வந்தது. காய்ச்சல். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், சாம்பல் நிற நெஞ்சுக்குள் வெள்ளை வெள்ளையாகக் குடித்தனக்காரர்கள். அதில் ஒருவன் இடத்தை மாற்றிக்கொண்டு நுரையீரலுக்குப் பக்கத்தில், பெரிய ரத்தக்குழாயை ஒட்டிப் போய் உட்கார்ந்திருந்தான், சுற்றிலும் சீழ். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஆனால் இந்த மாதிரி மெஷினில், இப்போது நான் படுத்திருக்கிறேனே, இதே மாதிரி ஒன்றில், அவரைப் படுக்கவைக்க முடியாது. காந்தம் உள்ளே இருப்பதை இழுத்துவிடும். அவருக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. "அவ்ளோ பெரிய காந்தமா டாக்டர்? இவ ஸ்கூல் காந்தத்துக்கே எட்டிப் பாத்தவங்க, அதுக்கு இறங்கி நடந்தே வந்துடுவானுங்க" என்று இருமலுக்கு நடுவே சொல்லிவிட்டு, அந்த மெஷின் எப்படி இருக்கும், கரண்ட் எவ்வளவு இழுக்கும், உள்ளே என்ன சத்தம் வரும் என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் இப்படித்தாங்க வருகிறது. சுத்தியல் மாதிரி ஒன்று, லாரி ஏற்றத்தில் முக்குகிற மாதிரி ஒன்று, இப்போது பீப் பீப் என்று உங்கள் வயர்லெஸ் பெட்டி மாதிரி ஒன்று. கத்தி வைத்தார்கள், வைத்தும் பிரயோஜனம் இல்லை. ஒரு மத்தியானம், வார்டில் எல்லோருக்கும் தட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் என் கையைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்து, "வானம் மூடியிருக்குது, ஆனா வலிக்கல பாரு" என்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே அந்த ரத்தக்குழாய் உடைந்துவிட்டது. டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார், பழைய காயம்தாம்மா, அன்னைக்கே போயிருக்க வேண்டியவர், இத்தனை வருஷம் தாங்கியிருக்கார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பல நாள் சுற்றியிருக்கிறேன். அப்படியானால் அவர் செத்தது எங்கே? ஆஸ்பத்திரி வார்டிலா, பனையோலை வேலிக்கு நடுவிலா? அந்த வெடியின் சத்தம் கடலைத் தாண்டி, ரயிலேறி, ஆரணிக்கு வந்து, எங்கள் கல்யாணத்தில் சாப்பிட்டு, எழில் பிறந்ததைப் பார்த்து, அதற்கப்புறம்தான் கேட்டு முடிந்ததா? துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள், எப்படிச் செத்தார் என்று. யுத்தத்தில் என்றால் எந்த யுத்தம் என்றார்கள். அது முடிந்து எவ்வளவோ காலம் ஆயிற்றே என்றார்கள். காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு முகாமுக்குப் போனேன். அழ வேண்டும் என்று போகவில்லை. கேட்க வேண்டும் என்று போனேன்.

தவமணியக்காவை நான் இளமையாக நினைத்து வைத்திருந்தேன். முடியெல்லாம் வெளுத்த, என்னைவிட ரொம்ப மூத்த ஒரு மனுஷி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அடுப்படியில் குந்தி உட்கார்ந்திருந்தார். "ஏகாம்பரத் தம்பியின்ர வீட்டுக்காரியோ? வாங்கோ பிள்ளை" என்றார். நான் யாரென்று எப்படித் தெரிந்ததோ, சைக்கிளைப் பார்த்தாரோ என்னவோ. தட்டில் புட்டும் தேங்காய்ச் சம்பலும் போட்டு என் கையில் கொடுத்தார், இழவு வீட்டிலிருந்து வந்தவளிடம் சாப்பிடு என்றுகூடச் சொல்லவில்லை, கொடுத்துவிட்டார். நான் ஒரு வாய் எடுத்தேன். "முதல் நாள் வந்து நிண்டவுடனயே விளங்கிட்டுது, ஆமியில இருந்தவர் எண்டு. நான் கதவைச் சாத்தப் போனன். ஒரு வசனம் மட்டும் சொல்லுங்கோ அக்கா, போயிடுறன் எண்டு கெஞ்சினவர். சொன்னன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகுதான் கதையைச் சொன்னவர். சொல்லிப்போட்டு என்னைக் கேட்டார், அந்தக் கிணத்தடியில நீங்கள் நிண்டிருந்தா என்ன சொல்லியிருப்பியள் எண்டு." "நீங்க என்ன சொன்னீங்க?" அக்கா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார். "நான் பொய் சொல்லேல்ல பிள்ளை. அந்தச் சண்டைக்குள்ள அகப்பட்டுத்தான் என்ர தம்பி செத்தவன். ஆர் சுட்ட குண்டு எண்டு இண்டைக்கும் தெரியாது. ஆனா அண்டைக்கு என்ர கண்ணில பட்டது ஆமிதான். அப்ப என்னட்ட வழி கேட்டிருந்தா, வெடி இருக்கிற ஒழுங்கையைத்தான் காட்டியிருப்பன் எண்டு சொன்னன். அவரின்ர முகத்தைப் பாத்துத்தான் சொன்னன்." எழுந்து போயிருக்கலாம். தட்டைக் கீழே வைத்திருக்கலாம். என் புருஷனைக் கொன்றிருப்பேன் என்று ஒருத்தி சொல்கிறாள், அவள் சமைத்தது என் வாயில் இருக்கிறது. ஆனால் என் வாய்தான், அன்றைக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட அதே வாய், "அதுக்கு அவர் என்ன செஞ்சார்?" என்று கேட்டது. "எழும்பி நிண்டார். நான் நினைச்சன் அடிக்கப் போறார் எண்டு. பிறகு சொன்னார், எல்லாரும் அவவுக்குத் தெரிஞ்சிருக்காது எண்டுதான் சொல்லினம், நீங்கள் ஒராள்தான் அக்கா எனக்குப் பதில் சொன்னது எண்டு. சொல்லிப்போட்டு, அடுப்பில என்ன வேகுது எண்டு கேட்டார்."

எல்லோரும் என்றால் நானும்தான். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை, சமாதானம் சொன்னேன். அது அப்போது எனக்குச் சுருக்கென்று தைத்தது, இப்போது நினைத்தால் தைக்கவில்லை, புதிராகத்தான் இருக்கிறது. கிணற்றடிப் பெண்ணுக்குத் தெரிந்திருந்ததா என்பது அக்கா சொன்னதால் ஒரு துளிகூடத் தெரிந்துவிடவில்லையே. பின் எது அவரை லேசாக்கியது? அப்படிச் செய்யக்கூடிய ஒருத்தியை எதிரே உட்காரவைத்துப் பார்த்ததா, அவளும் அடுப்பு ஊதுவாள், அவளுக்கும் கண் எரியும் என்று கண்டுகொண்டதா? யுத்தம் எல்லாம் முடிந்த பிறகு தவமணியக்கா ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். அங்கே அந்தப் பக்கம் போனால் விசாரித்துப் பாருங்கள் என்றேன். கிணறு இருந்தாலும் ஆள் இருக்கவேணுமே பிள்ளை என்றார். அவ்வளவுதான், அது தெரியாது, இனி தெரியவும் தெரியாது. சுவருக்கு அப்பால் சத்தம் தணிந்து ஒரே சீராக ஓடுகிறது, அரைத் தூக்கத்தில் கேட்கிற கிரைண்டர் மாதிரி. முகாமுக்குப் போன அன்றைக்கு நான் தட்டைக் காலி செய்தேன். அக்கா இன்னும் கொஞ்சம் போட்டார், போட்டுக்கொண்டே சொன்னார். "ஒவ்வொரு ஞாயிறும் வந்து கேப்பார், இண்டைக்கும் அதே பதில்தானோ அக்கா எண்டு. ஓம் தம்பி, அதேதான் எண்டுவன். எங்களுக்குள்ள அது ஒரு பகிடியாப் போச்சுது, ரெண்டு பேரும் சிரிப்பம். கடைசியா வந்தண்டைக்கு இருமிக்கொண்டு வந்தவர். கேக்கேல்ல. பேசாமல் இருந்து சாப்பிட்டவர். எனக்குத்தான் ஏலாமல் போச்சுது. நானாச் சொன்னன், தம்பி, இண்டைக்கெண்டா அப்பிடிச் சொல்ல மாட்டன், உதால போகாதேங்கோ, நில்லுங்கோ எண்டு குளறியிருப்பன் எண்டு." அக்கா அகப்பையைக் கீழே வைத்தார், கண்ணைத் துடைத்தார், புகைதானோ என்னவோ. "அதுக்கு அவர் என்ன சொன்னார்க்கா?" "என்ன சொன்னவர் தெரியுமோ? அடப் போங்கக்கா, அன்னைக்கே அப்பிடிக் கத்தியிருந்தா நான் பாட்டுக்கு ரோட்டப் புடிச்சிப் போயிருப்பேன், இந்தப் புட்டு எனக்கு எங்க கெடச்சிருக்கும் எண்டு." அக்கா அவர் குரலிலேயே சொன்னார், எங்கள் ஆரணிப் பேச்சில். எனக்கு உந்த எப்படியோ அப்படி அக்காவுக்கு எங்கள் பேச்சு கொஞ்சம் வளைந்து வந்தது. "சொல்லிப்போட்டுத் தட்டை நீட்டினவர், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி."

அந்தத் தட்டு நீட்டுகிற கை. சாய்ந்து உட்கார்ந்தபடி, வலது தோளை உயர்த்தாமல் முழங்கையிலிருந்து மட்டும் நீட்டுவாரே, வீட்டிலும் அப்படித்தான், குழம்பு நன்றாக இருந்தால் வாய் திறந்து சொல்ல மாட்டார், அந்தக் கை மட்டும் நீளும், குடித்தனக்காரர்களை எழுப்பிவிடாமல் மெதுவாக, ஆனால் பேராசையோடு. குலுங்கிவிட்டேன் போலிருக்கிறது. சத்தம் சட்டென்று நின்றது. "அம்மா, ஆடிட்டீங்க" என்றது ஹெட்போன். "இந்தப் படம் கலைஞ்சிடுச்சி. அழறீங்களா? பயமா இருக்குதா? வெளிய எடுத்துடட்டுமா?" "இல்லம்மா. சிரிக்கிறேன்." "இதுக்குள்ள படுத்துக்கினு சிரிச்சவங்கள இப்பதாம்மா பாக்கறேன். திரும்ப எடுக்கணும், ஆடாம இருங்க." "எடும்மா." பலகை ஒருமுறை அதிர்ந்து நின்றது. மூச்சு எப்போது தானாக வர ஆரம்பித்தது என்று தெரியவில்லை, வந்துகொண்டிருக்கிறது. கலைந்த படத்தை உடனே அழித்துவிடுவார்களா, வைத்திருப்பார்களா? வெளியே போனதும் அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும். நல்லபடியாக வந்த படத்தை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். சிரிக்கும்போது முதுகெலும்பு எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.